கேளுங்கள், முறுக்குகிறோம்!

கே: பழைய யுத்தப் படங்களில் பைக்கோடு ஒரு தொட்டியை ஒட்டி, அதில் ஒரு சிப்பாயை உட்கார வைத்திருக்கிறார்களே, எதற்கு?
– சினிமா பைத்தியம், அரக்கோணம்

ப: காற்று வாங்க அல்ல, பிரென் துப்பாக்கி பிடிக்க. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய புதிதில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்த சைடு கார் வண்டி மேல் அபார நம்பிக்கை. ராயல் நார்தம்பர்லண்ட் ஃபியூசிலியர்ஸின் 4-வது பட்டாலியனை அப்படியே மோட்டார் சைக்கிள் படையாக்கி பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1940 மே 21 அன்று அராஸ் அருகே ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் டாங்கிகளை எதிர்த்துப் போன படையில் அவர்களும் உண்டு. தைரியத்தைக் குறை சொல்ல முடியாது.

கே: எனக்கு புல்லட் தண்ணி பட்ட பாடு. சைடு காரையும் ஓட்டிவிடலாம்தானே?
– கை பழகியவன், திருத்தணி

ப: பைக் தெரிந்திருப்பதுதான் உங்களுக்குத் தடங்கல். வளைவு வந்தால் உடம்பு தானாகச் சாயும்; வண்டி சாயாது. தொட்டி இடப்பக்கம் இருப்பதால் முறுக்கினால் அந்தப் பக்கம் இழுக்கும், பைக்கின் பிரேக்கை மிதித்தால் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். இடது வளைவில் வேகமாகப் போனால் தொட்டியின் சக்கரம் அந்தரத்தில் எழும். உள்ளே இருப்பவர் வெளியே தொங்கி அதை அமுக்க வேண்டும். அதாவது பயிற்சி ஒருவருக்கல்ல, இருவருக்கு.

இதில் நார்ட்டன் பிக் ஃபோர் தனி ரகம். 633 சி.சி. எஞ்சின், சேற்றில் சிக்காமல் இருக்க சைடு கார் சக்கரத்துக்கும் விசை. ஆனால் காரில் இருப்பதுபோல டிஃபரன்ஷியல் கிடையாது. சேறு தாண்டியதும் லிவரைத் தள்ளி அந்த விசையைத் துண்டிக்க வேண்டும். மறந்தால் தார் ரோட்டில் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். உங்கள் திருத்தணி மலைப்பாதையில் மறந்தீர்கள் என்றால் நீங்கள் முருகனைத் தேடிப் போக வேண்டாம், அவரே கூப்பிட்டுக்கொள்வார்.

கே: அப்புறம் ராணுவ சைடு கார் ஏன் ஒழிந்தது?
– அவசரக்காரி, சோளிங்கர்

ப: ஜீப் வந்தது.

கே: மார்க்கெட்டுக்குப் போகக்கூட ஹெல்மெட்டா? அந்தக் காலத்து சிப்பாய்கள் என்ன ஹெல்மெட்டோடா ஓட்டினார்கள்?
– தலை வேர்த்தவர், அரக்கோணம்

ப: ஓட்டவில்லை. அதனால் செத்தார்கள். இருட்டடிப்பு அமலில் இருந்த ரோடு, மறைத்த ஹெட்லைட், அரைகுறைப் பயிற்சி. போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் மாண்ட பைக்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 2,279 பேர். கணக்கெடுத்தவர் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெயர்ன்ஸ். 1935-இல் பைக்கிலிருந்து விழுந்த ‘அரேபிய’ லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தும் காப்பாற்ற முடியாமல் போனவர்களில் அவரும் ஒருவர். அவருடைய கட்டுரை 1941-இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ராணுவ ரைடர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. பொதுமக்களுக்கு? 1973-இல்தான். தலை வேர்க்கிறது என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள்.

கே: நம் ராயல் என்ஃபீல்டும் போருக்குப் போனதா?
– புல்லட் பக்தன், தக்கோலம்

ப: குதித்தே போனது! 125 சி.சி. ‘ஃப்ளையிங் ஃப்ளீ’யை இரும்புக் கூண்டில் வைத்து பாராசூட்டில் இறக்கினார்கள். கதை அதற்கு முந்தையது. டச்சு வியாபாரி ஒருவருடையது யூதர்கள் நடத்திய நிறுவனம் என்று சொல்லி ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. வண்டி தர மறுத்தார்கள். அவர் இங்கிலாந்தின் ரெட்டிச்சுக்குப் போய் என்ஃபீல்டிடம் அதே மாதிரி ஒன்று செய்யச் சொன்னார். அந்தக் குட்டி வண்டிதான் ஜெர்மானியர்கள் தலைமேலேயே வந்து இறங்கியது. நம் ராணுவம் புல்லட் கேட்க, 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது தனிக்கதை.

கே: ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் சைடு கார் பயிற்சி உண்டா?
– வேலி ஓரத்து வாசகர், அரக்கோணம்

ப: ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத் தருபவர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

கே: 949-இல் தக்கோலப் போரில் ராஜாதித்தனிடம் ஒரு சைடு கார் இருந்திருந்தால்?
– சோழநேயன், தக்கோலம்

ப: யானை மேலேயே மாண்டவன் அவன். எதிரி கண்ணுக்கு அத்தனை உயரம். தொட்டியில் தாழ உட்கார்ந்திருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் சோழ இளவரசனிடம் போய் ‘வளைவு வருகிறது, கொஞ்சம் வெளியே தொங்குங்கள்’ என்று சொல்வது யார்?