முதல் ஆர்டர்

கேள்வி: அரசு டெண்டரில் "முன் அனுபவம் உண்டா?" என்கிறார்கள். ஆர்டரே தராவிட்டால் அனுபவம் எப்படி வரும்?
(தறிக்காரர், பாளையம்பட்டி)

பதில்: நீச்சல் தெரிந்தவன்தான் கிணற்றில் இறங்கலாம் என்கிற கதை! மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். உத்யம் எனும் சிறுதொழில் பதிவு இருந்தால் டெண்டர் டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. ரயில்வே போர்வைக்குப் பெரிய மில் 100 ரூபாய் சொல்லி, நீங்கள் 114 போட்டதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 100க்கு இறங்கிவர நீங்கள் சம்மதித்தால் ஆர்டரில் கால்வாசி வரை கிடைக்கும். தரம் சரியாக இருந்தால் அனுபவ நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று 2016இல் மத்திய அரசு சொன்னது. அதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டதுதான் தப்பு, கட்டாயமாக்க வேண்டும். புது நெசவு பிறப்பதே சின்னத் தறிக்கூடத்தில்தானே! டெண்டர் போடும் முன்பே தளர்வை எழுத்தில் கேளுங்கள்.