பட்டத்துக்கு வழிவிடுங்கள்!

கேள்வி: கொலைகாரன் கதையைச் சிரித்துக்கொண்டே படிக்க முடியுமா?

பதில்: ராய் ஹார்னிமன் 1907-இல் எழுதிய 'இஸ்ரேல் ராங்க்' நாவலைப் படியுங்கள், முடியும். நாயகனுக்குத் தாய்வழியில் பிரபு வம்சம்; தகப்பனார் யூதர். பிரபுப் பட்டத்துக்கும் தனக்கும் குறுக்கே நிற்கும் உறவுக்காரர்களை நாயகன் ஒவ்வொருவராக மேலே அனுப்புகிறான், பரம மரியாதையோடு! கதை சொல்பவனும் அவனேதான். அந்த அடக்கமான குரலில் மயங்கி, அடுத்தது யார் என்று நாமே விரல்விட்டு எண்ண ஆரம்பிக்கிறோம். பயங்கரம் அங்கேதான்.

1949-இல் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' என்று படமானது. சாகிற குடும்பம் முழுக்க நடிகர் அலெக் கின்னஸ் ஒருவரே. பெண் வேடம் உட்பட! நாயகனின் தகப்பனாரை இத்தாலியர் ஆக்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாலே வருடம்; யூதரின் மகனைக் கொலைகாரனாகக் காட்டும் நேரமல்ல. அந்த மாற்றம் சரியென்றே படுகிறது. முதலில் படத்தைப் பாருங்கள், பிறகு நாவலைப் படியுங்கள்.