கௌரவக் கண்காணிப்புப் பொறியாளர்

சென்னையில் எந்தச் சந்திப்பில் பள்ளம் தோண்டினாலும் முதல் நாள் பேரிகேடு வரும். இரண்டாம் நாள் 'மாற்றுப்பாதை' என்று அம்புக்குறி வரும். மூன்றாம் நாள் இவர் வருவார். இவருக்கு அரசாணை கிடையாது, சம்பளம் கிடையாது. ஆனால் ஒப்பந்தக்காரர் மாறுவார், உதவிப் பொறியாளர் மாற்றலாகிப் போவார், ஆட்சியே மாறினாலும் மாறும். இவர் மட்டும் மாறமாட்டார். கௌரவக் கண்காணிப்புப் பொறியாளர் என்பதைவிடக் குறைந்த பதவியை இவருக்குக் கொடுப்பது மரியாதை ஆகாது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது அறுபதுக்கு மேல். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஜவுளிக்கடை கொடுத்த பழைய டைரி. கையில் ஒரு குடை உண்டு. அது மழைக்கோ வெயிலுக்கோ அல்ல, சுட்டிக்காட்டுவதற்கு. பேரிகேடு தகரங்கள் இரண்டு சேருமிடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருக்கும். அதில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு உலகத்தை மறந்து நிற்பவர் யாரோ, அவரே.

எங்கள் சந்திப்பின் ஆள் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று பணிக்காலம் முழுக்க எழுதியவருக்கு, வருஷக் கணக்கில் லேட்டாகும் ஒரு வேலை வீட்டு வாசலிலேயே கிடைத்தது பூர்வஜென்மப் புண்ணியம். விடிந்ததும் வந்துவிடுவார். பத்து மணி வாக்கில் வீட்டிலிருந்து போன் வரும். ரேஷனில் பாமாயில் போடுகிறார்களாம், போய் வாங்கி வர வேண்டுமாம். "நான் சைட்ல இருக்கேன்" என்பார். அந்தக் குரலின் அதிகாரத்தில், பக்கத்தில் நின்ற அசல் சைட் இன்ஜினியர் பிடித்துக்கொண்டிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இவருக்கு வரலாற்று ஞானம் அதிகம். நெரிசலில் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர் யாராவது, "எப்பண்ணே முடியும்?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டால் போதும், நேரே 1973-க்குப் போய்விடுவார்.

"ஜெமினி மேம்பாலம் தெரியும்ல? இந்த ஊருக்கே முதல் மேம்பாலம். இருபத்தோரு மாசம் தம்பி, இருபத்தோரே மாசத்துல கட்டி, 1973 ஜூலையில திறந்தாச்சு. அப்போ இந்த கிரேன் உண்டா, ரெடிமிக்ஸ் லாரி உண்டா?"

"சரிண்ணே, இது எப்ப..."

"இரு, சொல்றேன். போரூர் பாலத்துக்கு வருவோம். 2010-ல ஆரம்பிச்சான். 2017-ல திறந்தான். ஏழு வருஷம். எல்.கே.ஜி. சேர்ந்த புள்ள அஞ்சாங்கிளாஸ் முடிச்சிருச்சு. அதையும் விடு. மதுரவாயல்லேருந்து துறைமுகம் வரைக்கும் பறக்கும் சாலைன்னாங்க. 2009-ல அடிக்கல். 2012-ல வேலை நின்னுபோச்சு. கூவத்துல தூணு மட்டும் நின்னுச்சு. 2022-ல அதே சாலைக்கு மறுபடியும் அடிக்கல். ஒரே வேலைக்கு ரெண்டு அடிக்கல் பாத்த ஊரு தம்பி இது!"

ஆட்டோவில் இருக்கும் பயணிக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆனால் வண்டி நகர வழியில்லை. பின்னால் மாநகரப் பேருந்து, முன்னால் தண்ணீர் லாரி, இடப்பக்கம் பள்ளம். வரலாற்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் தீர்ப்பு வரும்: "பொங்கலுக்கு முடிஞ்சிடும்." எந்தப் பொங்கல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அவர் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

வெறும் புலம்பல் ஆள் என்று இவரை எடைபோட்டுவிடக் கூடாது. வேலை ஏன் தாமதமாகிறது என்பதை இவர் அளவுக்குத் தெளிவாகச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. டீக்கடை பெஞ்சில் வடை வந்த காகிதத்தை விரித்து, பேனாவை எடுத்து, பூமியைக் குறுக்கே வெட்டிப் படம் போடுவார்.

"மேல இருக்கிறது ரோடு மாதிரி தெரியும். கீழ நாலு வீடு இருக்கு. முதல்ல கரண்ட் கேபிளு, டெலிபோன் ஒயரு. அதுக்குக் கீழ குடிதண்ணிக் குழாய். ஓரமா மழைத்தண்ணிக் கால்வாய். எல்லாத்துக்கும் அடியில பாதாளச் சாக்கடை. பாலத்துக்குத் தூண் போடணும்னா இத்தனை பேரையும் காலி பண்ணணும். ஒவ்வொருத்தனும் வேற வேற டிபார்ட்மென்ட். இவன் எஸ்டிமேட் கேட்டு லெட்டர் போடுவான். அவன் எஸ்டிமேட் கொடுப்பான். இவன் பணம் கட்டுவான். அவன் அதுக்கப்புறம் டெண்டர் விடுவான். இதுக்குப் பேரு யுடிலிட்டி ஷிப்டிங். இதுக்கு நடுவுல, இடம் கொடுத்ததுக்கு இழப்பீடு பத்தலைன்னு ஒரு கடைக்காரர் கோர்ட்டுக்குப் போயிருப்பாரு."

பிறகு நாள்காட்டிக்கு வருவார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, ரோட்டைத் தோண்டக் கூடாது. டிசம்பர் வரை பள்ளத்தில் தண்ணீர், கொசுவைத் தவிர யாரும் இறங்க முடியாது. ஜனவரியில் பொங்கல், சென்ட்ரிங் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மார்ச்சில் ஹோலி, வடக்கத்தி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதே மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது, பில் பாஸ் ஆகவில்லை என்று ஒப்பந்தக்காரரும் ஊருக்குப் போய்விடுவார். ஏப்ரலில் ஏதாவது ஒரு தேர்தல், நடத்தை விதிமுறை. ஜூனில் புது அதிகாரி வந்து ஃபைலை முதலிலிருந்து படிப்பார். ஆகஸ்டில் ஆய்வு, செப்டம்பரில் மும்முரமாகத் தோண்டுவார்கள். உடனே அக்டோபர் வந்துவிடும்.

கேட்பவருக்கு, இந்த நாட்டில் பாலங்கள் எப்படித்தான் முடிகின்றன என்பதே அதிசயமாகிவிடும்.

பேரிகேடுக்கு உள்ளே இருக்கும் தொழிலாளர்களோடு இவருக்கு நல்ல உறவு. பிகார், ஒடிசாப் பக்கத்துப் பையன்கள். அவர்களுக்காக டீக்கடை மாஸ்டரே சமோசா போடக் கற்றுக்கொண்டார். இவர் இந்தி கற்றுக்கொண்டார். தமிழ் வாக்கியத்தின் கடைசியில் 'ஹை' சேர்த்தால் இந்தி என்பது அவர் கண்டறிந்த இலக்கணம். "பாய், கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு ஹை!" பையன்கள் சிரித்துவிட்டு, "டீக் ஹை, சாச்சா" என்பார்கள். காங்கிரீட் போட்டு இருபத்தெட்டு நாள் ஆனால்தான் முழு பலம் வரும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். எந்தத் தூணுக்கு எந்தத் தேதியில் ஊற்றினார்கள் என்பதெல்லாம் டைரியில் உண்டு. சாக்கை நனைத்துத் தூணைச் சுற்ற ஒருநாள் மறந்துவிட்டால், டீக்கடைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இவரே கிளம்பிவிடுவார்.

சந்திப்பின் நடுவே, 'பணி நடைபெறுகிறது, சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று ஒரு பலகை. முதலிரண்டு சொல்லும் 'சிரமத்திற்கு'வும் கறுப்புப் பெயின்ட். 'வருந்துகிறோம்' மட்டும் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். வெயிலில் சிவப்புதான் முதலில் வெளுக்கும். இரண்டு கோடை போனதும் வருத்தம் முற்றிலும் மறைந்து, 'பணி நடைபெறுகிறது, சிரமத்திற்கு' என்று மட்டும் பலகை உண்மை பேச ஆரம்பித்தது. அதைத் தூக்க வந்தவர்களை இவர் விடவில்லை. "இருக்கட்டும்பா. இந்த சைட்ல சரியா நடந்த வேலை அது ஒண்ணுதான்."

மனு போடுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. திங்கட்கிழமை என்றால் குறைதீர்க்கும் கூட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கேள்வி. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. புதுத் தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும், சாலை உயரம் கூடக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளர் போட்ட உத்தரவின் நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். காரணம் உண்டு. அவர் வீட்டுக்கு ஒரு காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். தார்மேல் தார் போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். வீடு அசையவே இல்லை.

ஒருமுறை பள்ளத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டு போனில் புகார் கொடுத்தார். மறுநாள் அதே விளிம்பில் நிற்கும்போது குறுஞ்செய்தி வந்தது: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.' அவர் போனைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். குறுஞ்செய்தி வந்த நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டார்.

இவருக்கு ஒரு போட்டியாளரும் உண்டு. எதிர் அப்பார்ட்மென்ட் ஐ.டி. பையன். பள்ளத்தைப் படம் எடுத்து, மந்திரியிலிருந்து மேயர் வரை அத்தனை பேரையும் டேக் செய்து போடுவான். 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்று உடனே பதில் வரும். "எனக்கு அதே பதில் வர முப்பது நாள் ஆகுது, இவனுக்கு மூணு நிமிஷம்" என்பதுதான் பெரியவரின் மனக்குறை. பள்ளம் இருவருக்கும் பொது.

இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சம்பவம். புதிதாக ஓர் உதவிப் பொறியாளர் வந்திருந்தார், இளம்பெண். ஜீப் பானட்டில் வரைபடத்தை விரித்து, அதன்படி ஜே.சி.பி.க்காரருக்கு இடம் காட்டினார். குடிநீர்க் குழாய் மேற்குப் பக்கம் போவதாக வரைபடம் சொன்னது. ஆகவே கிழக்கே தோண்டச் சொன்னார். பெரியவர் வழக்கம்போல இடுக்கில் கண் வைத்திருந்தார். ஜே.சி.பி.யின் கை மேலே போயிற்று. இவர் டைரியைத் திறந்தார். கை கீழே இறங்கியது. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. இவர் மணியை எழுதினார்.

"வால்வு எங்க? வால்வை மூடுங்க!" என்று அந்தப் பெண் ஓடினார். மேஸ்திரி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் வரைபடத்தைப் பார்த்தார். வரைபடம் நனைந்துகொண்டிருந்தது. டீ மாஸ்டர்தான் பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "அய்யாவைக் கேளுங்கம்மா!"

அய்யா அவசரப்படவில்லை. நடந்து போய், இளநீர்க்காரர் குவித்து வைத்திருந்த மட்டைக் குவியலைக் குடையால் சுட்டினார். "இதுக்குக் கீழ. மூணடி." மட்டையைத் தள்ளி மண்ணைப் பறித்தார்கள். வால்வு இருந்தது. மூடினார்கள். தண்ணீர் நின்றது.

ஈரச் சுடிதாரோடு அந்தப் பெண் வந்து நின்றார். "சார், லைன் கிழக்கே போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. போன கான்ட்ராக்டர் மாத்திப் போட்டப்போ நான் இங்கதான் நின்னேன். தேதி வேணுமா?"

"அப்போ தோண்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே சார்?"

"யாரும்மா கேட்டீங்க?"

அதற்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் எந்தத் துறையிடமும் இருக்காது. பாதையை மாற்றிப் போட்டவர் அதை வரைபடத்தில் ஏற்றாமலேயே போய்விடுகிறார். அடுத்து வருபவர் பழைய படத்தை நம்பித் தோண்டுகிறார். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது டீக்கடை பெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பெஞ்சைக் கேட்கச் சொல்லி எந்த டெண்டரிலும் விதி கிடையாது.

அந்தப் பெண் கெட்டிக்காரர். மறுநாளே பேரிகேடின் கதவைத் திறந்து, "உள்ள வாங்க சார்" என்றார். மஞ்சள் தலைக்கவசம் ஒன்றும் கொடுத்தார். இப்போதெல்லாம் எங்கே தோண்டுவதானாலும் டைரியைப் புரட்டிய பிறகுதான் ஜே.சி.பி. கிளம்புகிறது. குழாய் எதுவும் உடையவில்லை. ஆனால் பெரியவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. "எப்பண்ணே முடியும்?" என்று ஆட்டோக்காரர் கேட்டால் இப்போது ஜெமினி மேம்பாலம் வருவதில்லை. "பணி துரிதமா நடந்துகிட்டிருக்கு. பொதுமக்கள் ஒத்துழைக்கணும்" என்கிறார்.

போன வாரம் ரேஷன் கடையில் பார்த்தேன். பாமாயிலுக்கு ஒருவழியாக வந்துவிட்டிருந்தார், தலைக்கவசத்தோடு. வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் பொதுவாகப் புலம்பிக்கொண்டிருந்தார்: "அந்த ஜங்ஷனைத் தாண்டி வர்றதுக்குள்ள உசுரு போகுது. வருஷக்கணக்கா நோண்டிக்கிட்டே இருக்கானுங்க."

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். "எங்க கஷ்டம் உங்களுக்கு எங்கம்மா தெரியப்போகுது?"

"கஷ்டம் கிடக்கட்டும்யா," என்றார் அந்த அம்மாள். "முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டு. பாமாயில் இருப்பு எவ்வளவுன்னு போர்டு தெரியலை."