1366ஆ, 1368ஆ? திரையகலம் பற்றிய ஒரு பாடபேத ஆராய்ச்சி

லினக்ஸ் கணினியில் திரை உரிய அளவில் தெரியாமற்போவது தொழில்நுட்பக் கோளாறு என்றே பாமரர் கருதிவருகின்றனர். அஃதன்று. அது மூலபாட ஆராய்ச்சியின்பாற்பட்டது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர்கள் செல்லரித்த இடங்களை நிரப்பப் பட்ட பாட்டைத்தான் உபுண்டு நிறுவியவரும் நள்ளிரவில் டெர்மினல் முன் அமர்ந்து படுகிறார். அவருக்கு யாரும் முனைவர் பட்டம் தருவதில்லை, அவ்வளவே.

மூலநூல் எதுவென முதலில் துணிதல் வேண்டும். ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றித் தானே சொல்லும் பாயிரம் ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஈடிஐடி என்று அதற்குப் பெயர். 1994இல் வெசா என்னும் தர அமைப்பு வகுத்தது. மூலப்பகுதி 128 பைட். சுழியம் ஒன்று, 255 ஆறு, மீண்டும் சுழியம் ஒன்று என எட்டு பைட் காப்புச் செய்யுள். பிறகு தயாரித்த நிறுவனம் மூன்றெழுத்தில், செய்த ஆண்டு, அகல உயரம் சென்டிமீட்டரில், காட்டவல்ல அளவுகள். கடைசி பைட்டுக்கு ஒரே வேலை: 128ஐயும் கூட்டினால் தொகை 256ஆல் மீதியின்றி வகுபடுமாறு பார்த்துக்கொள்வது. இப்படியொரு ஏற்பாடு நம் சுவடிகளில் இருந்திருந்தால் எத்தனை புலவர் சண்டை மிச்சமாகியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்நூல் கணினிக்கு வந்துசேரும் வழி கேபிள். நீலத் தலை விஜிஏ கேபிளின் 15 பின்களில் 12ஆவதும் 15ஆவதுமே பாயிரத்தைச் சுமக்கின்றன. படம் இவ்விரண்டும் இல்லாமலே வரும். ஆகவே மலிவுக் கேபிள் செய்வோர் சிலர் இவற்றுக்குக் கம்பி இழுப்பதில்லை. ஏடு கைக்கு வராதபோது லினக்ஸின் கருவான கர்னல் என்ன செய்யும்? இம்மானிட்டர் இன்னதென்று தெரியவில்லை, எதற்கும் 1024×768க்கு மேல் போகவேண்டாம் என்று முடிவுகட்டும். கடினமான இடத்தில் ‘பொருள் வெளிப்படை’ என எழுதிக் கடந்துபோகும் உரைகாரர் மரபு இது. விளைவு, அகன்ற திரையில் வட்டமெல்லாம் பூசணிக்காய் ஆகிறது. கேபிளை மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஆனால் ஆராய்ச்சி மனம் படைத்தோர் கேபிளை மாற்றுவதில்லை.

அவர்கள் செய்வது இடைச்செருகல். சிவிடி என்னும் கட்டளையால் மோட்லைன் என்னும் திரையளவு வரி ஒன்றை யாத்து, எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையால் அதை நூலுக்குள் நுழைப்பது. சிவிடியிடம் 1920, 1080 என்று சொன்னால் கிடைமட்டத்தில் 1920, 2048, 2248, 2576 என நான்கு சீர் தருகிறது. 1920 புள்ளித் திரைக்கு 2576 எதற்கு? எஞ்சிய 656, பழைய குழாய்த் திரையில் மின்கதிர் வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்பிவர விட்ட அவகாசம். குழாய் போயிற்று, கதிர் போயிற்று. திரும்பும் நேரம் மட்டும் அளபெடையாக நின்று ஒலிக்கிறது. கட்டளையோடு ‘-ஆர்’ சேர்த்தால் 2576 குறுகி 2080 ஆகும். இதைக் குற்றியலுகரத்தோடு ஒப்பிடலாம் என்றாலும் அடக்கம் கருதித் தவிர்க்கிறோம்.

இனி நம் தலைப்புக்கு வருவோம். மடிக்கணினிகளைப் பல்லாண்டு ஆண்ட அளவு 1366×768. இதற்குச் சிவிடியிடம் மோட்லைன் கேட்டால் அது தருவது 1368×768. நாம்தான் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி கேட்டால் மறுபடியும் 1368. சிவிடி இலக்கணத்தில் அகலம் எட்டின் மடங்காகவே அமைய வேண்டும்; 1366 எட்டால் வகுபடாது. பின் 1366 எங்கிருந்து முளைத்தது? 768 என்ற உயரம் பழைய 1024×768இன் எச்சம். அதை 16:9 ஆக விரித்தால் அகலம் 1365.33. மூன்றிலொரு புள்ளியை எந்த ஆலையும் செய்து தராதாகையால் மேலே தள்ளினர் என்பது ஒரு சாரார் துணிபு. மொத்தப் புள்ளிகள் 10,49,088. அது மெகா எனப்படும் 10,48,576ஐ ஒட்டி நிற்பதால் அதுவே நோக்கம் என்பாருமுளர். அது பொருந்தாது. 512 புள்ளி தாண்டிப் போனபின் ‘ஒட்டித்தானே நிற்கிறேன்’ என்பதை எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்பமாட்டார்.

வேடிக்கை, மூலநூலுக்குள்ளேயே இப்பேதத்துக்கு இடமிருப்பதுதான். ஈடிஐடியின் சுருக்கப் பட்டியல் அகலத்தை எட்டால் வகுத்து ஒரே பைட்டில் எழுதுகிறது. அங்கே 1366 எழுதவே இயலாத எண். விரிவான பகுதியில் 12 பிட் உண்டு, தாராளமாக எழுதலாம். லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஈடிஐடியைக் கொண்டு தான் ஊகித்த பட்டியலில் 1368×768 தென்பட்டால், அதை 1366 எனத் திருத்தி, ஒத்திசைவுத் துடிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் ஒவ்வொன்று குறைக்கிறது. அடிக்குறிப்பில் ‘இது ஏடெழுதியோர் பிழை’ என்று யாரையும் ஏசாமல் பாடந்திருத்திய பதிப்பு வேறு உண்டோ என்பது ஐயம்.

இத்தனை புலமையும் விழலுக்கிறைத்த நீராகும் சந்தர்ப்பம் ஒன்றுண்டு. எக்ஸ்ரேண்டர் காமா அளவு கிடைக்கவில்லை என்று முனகிக்கொண்டு, திரை இணைப்பின் பெயரை விஜிஏ-1, ஹெச்டிஎம்ஐ-1 என்று சொல்லாமல் ‘டீஃபால்ட்’ என்று சொன்னால், மூலபாடம் குற்றமற்றது; வாசிக்க ஆளில்லை. கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்க. இந்த டீஃபால்ட்டுக்கு ஆயிரம் மோட்லைன் யாத்துத் தந்தும் பயனில்லை. ‘எல்எஸ்பிசிஐ -கே’ கட்டளை, எந்த டிரைவர் பணியில் இருக்கிறதென்று சொல்லும். எந்த டிரைவருமில்லையென்றால் அதைச் சொல்லும் வரியே இராது. பெரும்பாலும் குற்றவாளி, நிறுவும்போது கறுப்புத் திரைக்குப் பயந்து பூட் வரியில் சேர்த்த ‘நோமோட்செட்’. பூட் நிரலான கிரப்பின் அமைப்புக் கோப்பிலிருந்து அதை நீக்கி ‘அப்டேட்-கிரப்’ ஓட்டினால் போதும்.

என்விடியா கார்டென்றால் உரைகாரர் இருவர்: தலைகீழாய் ஆராய்ந்து தன்னார்வலர் எழுதிய நூவோ, நிறுவனமே தரும் டிரைவர். ஒரே கார்டுக்கு இருவரும் ஒருசேர உரை சொல்ல இயலாது. நிறுவன டிரைவர் வேண்டுமாயின் நூவோவைத் தள்ளிவைக்க வேண்டும். கர்னல் புதிதாகும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்னும் கருவி அந்த டிரைவரை மறுபடி கட்ட வேண்டும். கர்னலின் ஹெட்டர் பேக்கேஜ் இல்லையென்றால் கட்டாது. செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாததை உள்ளே விடாது. ஜிஃபோர்ஸ் 600, 700 வரிசையின் கெப்லர் கார்டுகள் 470ஆம் பதிப்போடு நின்றுவிட்டன. மேற்பதிப்பு இட்டால் திரையே மிஞ்சாது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் இந்நிறுவனத்துக்கு நடுவிரலால் ஒரு மதிப்புரை வழங்கினார். ஆய்வுலகில் இதனினும் சுருங்கச் சொல்லி விளங்கவைத்தார் இல்லை. 2022இல் நிறுவனம் தன் டிரைவரின் கர்னல் பகுதி மூலநிரலைத் திறந்தது. முன்னது பின்னதற்குக் காரணமா என்பதை ஆராயப் புகுந்தால் கட்டுரை நீளும்.

புதிய திரை நெறிமுறையான வேலண்டு வந்தபின் எக்ஸ்ரேண்டர் இடைச்செருகல் அங்கே செல்லாதென்பதால், இக்கட்டுரையின் பாதி ஏற்கனவே பழந்தமிழாகிவிட்டது. எஞ்சியது டிவி. ஹெச்டிஎம்ஐயில் டிவியை இணைத்ததும் நான்கு ஓரமும் வெட்டுண்டு டாஸ்க்பார் பாதி மறைந்தால், அது ஓவர்ஸ்கேன். குழாய்க் காலப் பழக்கத்தை டிவி இன்னும் விடவில்லை. பட விகித மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ வைத்தால் சரியாகும். லினக்ஸில் அதற்கு எந்தக் கட்டளையும் வேண்டாம், ரிமோட் வேண்டும். அது சீரியல் முடியும்வரை கிடைக்காது.