கொடியில் கொஞ்சம் இடம்

என் வேட்டியைத் தள்ளியது யாரென்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன். ஒரே லிஃப்டில் போய்வர வேண்டிய பிழைப்பு. காலை ஏழரைக்கு, வெயில் படும் பக்கமாகப் பார்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி விட்டுக் காயப்போட்ட எட்டு முழ வேட்டி. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கொடியின் ஓரத்தில், ஒன்றரைச் சாண் இடத்தில், சுருண்டு கிடக்கிறது. அது இருந்த இடத்தில் ஒரு பெட்ஷீட். இரட்டைக் கட்டில் அளவு. யானைப் படம் போட்டது. அத்தனை யானையும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

எட்டு முழ வேட்டியைத் தனி ஆளாக, துணையில்லாமல், தரையில் படாமல் மடிக்க ஓர் உத்தி கண்டுபிடித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வயிற்றெரிச்சல் முந்திக்கொள்கிறது. உத்தி இன்னொரு நாளைக்கு. இன்று இதை இறக்கி வைத்துவிடுகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக மனைவி நியூ ஜெர்ஸி போயிருக்கிறாள். ஆறு மாதம். அறுபது வயதில் என் துணியை நானே துவைக்கும் யோகம் அப்படித்தான் வாய்த்தது. கிளம்பும்போது வாஷிங் மெஷின் மூடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். “பாக்கெட்டைப் பாருங்க. பனியனை நேராத் திருப்பிப் போடுங்க. பவுடர் ரெண்டு ஸ்பூன் போதும், நாலு போட்டா ரெண்டு மடங்கு வெளுக்காது. சட்டைக் கையைப் பிரிச்சு விடுங்க.” கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. சலவைக் குறிப்பு மாதிரியா இருக்கிறது? முப்பத்துச் சொச்சம் வருடக் குற்றப்பத்திரிகை. ஆண் வாசகர்கள் யாரும் சிரிக்க வேண்டாம். உங்கள் சட்டைக் கை இந்த நிமிடம் அழுக்குக் கூடையில் எப்படிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

துவைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெஷின் முகப்பில் பதினைந்து வகைச் சலவை எழுதியிருக்கிறது. காட்டன், மிக்ஸ், டெலிகேட், பேபி கேர் என்று என்னென்னவோ. எங்கள் வீட்டில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் மட்டும் எழுத்து தேய்ந்து போயிருந்ததால் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன். தண்ணீரை 30 டிகிரிக்குச் சூடாக்கட்டுமா என்று வேறு கேட்கிறது. சென்னையில் மே மாத மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் காபி டிகாக்‌ஷனே இறக்கலாம். ஆற வைத்துத் தருகிறேன் என்றாலாவது அர்த்தம் உண்டு.

எரிச்சல் என்று சொன்னால் அந்தக் கடைசி ஒரு நிமிடம்தான். போர்வை மற்ற துணிகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஒரு பக்கமாக உருண்டுவிட்டால், எடை சமமாக இல்லை என்று மெஷின் பிழிவதை நிறுத்திவிட்டு மறுபடி கலைத்துப் போட்டுப் பார்க்கும். அதனால் 1 என்று காட்டிய எண் திடீரென்று 9 ஆகும். நான் பக்கெட்டோடு நின்றுகொண்டிருப்பேன். முடிந்ததும் ஒரு பாட்டு வேறு பாடுகிறது, சாதித்துவிட்டதாக. சரி, போகட்டும். துவைத்தது அதுதான், பாடிக்கொள்ளட்டும்.

காயப்போடுவது என் தலையில். பால்கனியில் போடக் கூடாது, முகப்பு அழகு கெட்டுவிடுகிறதாம், அசோசியேஷன் உத்தரவு. ஆகவே இருபத்து நாலு வீட்டுக்கும் மொட்டை மாடிதான் கதி. அங்கே நாலு கொடி. முதலாவது இரும்புக் கம்பி. ஈர வெள்ளைத் துணியைப் போட்டால் நடுமுதுகில் துருக்கோடு விழும், எந்தச் சொட்டு நீலத்துக்கும் அடங்காது. இரண்டாவது நைலான் கயிறு, தொய்ந்தது. எந்த மூலையில் போட்டாலும் எல்லாத் துணியும் வழுக்கிக்கொண்டு நடுவில் வந்து கூட்டம் போடும். மூன்றாவது தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பாசிக்குப் பக்கத்தில். மிச்சம் இருக்கிற நாலாவதுதான் கொடி என்று சொல்லத் தக்கது. அதற்காகத்தான் இருபத்து நாலு குடும்பமும் அடித்துக்கொள்கிறது. வாயால் அடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, துணியால் அடித்துக்கொள்கிறது.

விடிகாலை ஆறு மணிக்கே அந்தக் கொடியில் ஒரு துண்டு தொங்கும். தொட்டுப் பாருங்கள், காய்ந்த துண்டு. அது காய வந்ததல்ல, இடம் பிடிக்க வந்தது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்த தலைமுறை ரிட்டையர் ஆகி மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. துண்டுக்காரர் ஒன்பது மணிக்கு நிதானமாக டிபன் முடித்துவிட்டுப் பக்கெட்டோடு வருவார். அதற்குள் யாராவது துண்டை நகர்த்தியிருந்தால் “இங்க துண்டு போட்டிருந்தேனே சார்” என்பார். பட்டா காட்டுகிற தோரணை.

தள்ளுகிறவர்களில்தான் எத்தனை விதம். இரண்டு விரலால், பிறர் துணியைத் தொட்ட பாவம் ஒட்டிவிடாதபடி நகர்த்துகிறவர் ஒரு ரகம். ஜன்னல் திரையை விலக்குவதுபோல ஒரே வீச்சில் அத்தனையையும் ஓரம் கட்டுகிறவர் இன்னொரு ரகம். கிளிப்பைக் கழற்றாமல் தள்ளுகிறவரும் உண்டு. கிளிப் அங்கேயே நிற்க, துணி மட்டும் நகர்ந்து, கழுத்து இழுபட்டு, என் பனியன் ஒன்று இப்போது இரண்டு பேருக்குக் கொள்ளும். இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருக்கிறார். தள்ளவே மாட்டார், அவ்வளவு பண்பு. உங்கள் ஈரத் துணிக்கு மேலேயே தன் ஈரத் துணியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கேட்டால், “ஏன் சார், உங்க துணியை நான் தொடவே இல்லையே” என்பார்.

ஈரத் துணி காய வெயில் மட்டும் போதாது. விரிந்து கிடக்க வேண்டும், ஊடே காற்றுப் போக வேண்டும். சுருட்டி ஒதுக்கிய துணி வெளிமடிப்பில் காயும், உள்மடிப்பில் ஊறும். சாயந்தரம் எடுத்து உதறினால் ஒரு புழுங்கல் வாடை வரும் பாருங்கள், மறுநாள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் பந்தியில் பக்கத்து இலை காலியாகும். அந்த வாடையைக் கிளப்பும் பாக்டீரியாவுக்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்று பெயராம். நான் வைத்திருக்கும் பெயர் வேறு. அது மூன்றாம் மாடியில் குடியிருக்கிறது.

ஒதுக்கியதோடு போனாலும் பரவாயில்லை. ஒதுக்கிய குவியலில் எது யாருடைய பனியன்? எல்லாம் வெள்ளை, எல்லாம் 95 சென்டிமீட்டர். அந்தக் காலத்தில் சலவைக்குப் போகும் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி இருக்கும். இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். சுண்ணாம்பு பட்டதும் கறுத்துவிடும். துணி கிழிந்தாலும் குறி அழியாது. அந்தப் புள்ளியையும் கோட்டையும் வைத்தே தெருத் துணி முழுக்க அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. இங்கே லிஃப்ட், கேமரா, முகத்தை அடையாளம் காணும் கேட் எல்லாம் இருக்கிறது. போன வாரம் வேறு எவருடைய பனியனையோ போட்டுக்கொண்டு நான் பாங்குக்குப் போய்வந்தேன் என்று எனக்கு ஒரு சந்தேகம். அக்குளில் பிடித்தது.

கிளிப்பை எடுத்துக்கொள்வதை இந்த ஊரில் யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. கோயில் குங்குமம் மாதிரி, இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டஜன் பச்சை கிளிப் வாங்கி, உள்பக்கம் மார்க்கரால் வீட்டு நம்பர் எழுதி வைத்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, “எதுக்கு சார் எழுதிக்கிட்டு, எடுக்குறவங்க படிச்சுப் பாத்தா எடுக்குறாங்க?” என்றார். டஜன் இப்போது ஐந்தில் நிற்கிறது.

மனைவியிடம் வீடியோ காலில் முறையிட்டேன்.

“தள்ளினப்போ ஈரமா, காஞ்சிருந்துதா?”

“ஈரம்.”

“அப்ப தப்புதான். நீங்க எப்படிப் போட்டீங்க?”

“நல்லா விரிச்சு.”

“எட்டு முழத்தையும் நீட்டாவா? நாலா மடிச்சுக் குறுக்கா போடணுங்க. ஒத்த வேட்டிக்கு முழுக் கொடியும் வேணுமா? நானா இருந்தாலும் தள்ளியிருப்பேன்.”

“நீ தள்ளுவியா?”

“பின்ன, இத்தனை வருஷமா நம்ம துணி எப்படிக் காஞ்சுதுன்னு நினைச்சீங்க?”

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகள் வீட்டில் கொடியே கிடையாது. டிரையரில் போட்டால் முக்கால் மணியில் சுடச்சுட வந்துவிடுமாம். அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் வெளியே துணி தொங்கவிடுவதற்கே தடை. வீட்டு விலை இறங்கிவிடுமாம். எங்கள் அசோசியேஷன்காரர்களை அங்கே அனுப்பினால் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல உணர்வார்கள். ஆனால் புளோரிடா, வெர்மான்ட், ஹவாய் போன்ற மாநிலங்களில் கொடியில் துணி காயவைப்பவரைக் காப்பாற்ற சட்டமே போட்டிருக்கிறார்கள். காயப்போடும் உரிமைக்குச் சட்டம்! போட்ட துணி போட்ட இடத்தில் இருக்கும் உரிமைக்கும் ஒரு சட்டம் வந்தால் நான் வரி கூடுதலாகக் கட்டத் தயார்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று, பத்து மீட்டர் பிளாஸ்டிக் கயிறு வாங்கி, தண்ணீர்க் குழாய்க்கும் பழைய டிஷ் ஆன்டெனா கம்பத்துக்கும் நடுவே ஐந்தாவது கொடியை நானே கட்டினேன். என் காசு, என் முடிச்சு. மறுநாள் காலை போனால் என் கொடியில் யானைகள். பக்கத்தில் ஒரு காய்ந்த துண்டு. நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டாம், நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். ஒரே வீச்சு.

சாயந்தரமே அசோசியேஷனிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. மொட்டை மாடி பொதுச் சொத்து, தனியார் கொடி கட்டக் கூடாது, கட்டிய கொடி பொதுக்கொடியாகக் கருதப்படும், பிறர் துணியை நகர்த்துவது நாகரிகமல்ல. கடைசி வரி யாருக்கு என்று கீழ்வீட்டுக் குழந்தைக்கும் புரியும். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், பச்சை கிளிப் போட்டு. ஆள் இல்லாத நேரம் பார்த்து லேசாகத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் என் வீட்டு நம்பர்.