மார்கழியில மம்பட்டிக்கு லீவு

ஏங்கண்ணு, பெங்களூருல கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு ரெண்டு ஏக்கருல பண்ணையம் பண்ண வந்திருக்கறே, நெம்ப சந்தோசம். மார்கழி பொறந்ததும் தோட்டத்துல வேலையே இல்லையேன்னு கையைப் பெசையறயாமே, உன்ற அம்மா சொன்னா. கவலைப்படாத, வேலையில்லாத நாள்லயும் தோட்டத்தைக் கெடுக்க வழியிருக்குது. அப்பிச்சி சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல, விடியக்காலம் எந்திரிச்சு அவரைக்குள்ள பூந்து பூவை எண்ணு. பனியில நனைஞ்ச இலையெல்லாம் உன்ற சட்டையில ஒரசும். ஒரு கொடியில இருக்கற சீக்கை நீயே சொமந்து எல்லாக் கொடிக்கும் பங்கு வெச்சுருவே. நாங்க சோம்பேறிங்க. வெயில் ஏறி இலை காயட்டும்னு காப்பியோட திண்ணையில உக்காந்திருப்போம். அசுவினி அப்பியிருந்தா மட்டும், ஈரத்துலதான் ஒட்டும்னு, வரப்போரமா நின்னு அடுப்புச் சாம்பலைத் தூவறது. அதையும் அம்மாயிதான் தூவுவா. 'இந்தப் பக்கம் விட்டுப்போச்சு பாரு'ன்னு கை காட்டற கஷ்டம் என்றது.

அப்புறம் மஞ்சக் காடு. வைகாசியில நட்டது, இப்ப இலை பழுத்துச் சாயுது. கெழங்கு முத்தற நேரம், தண்ணியைக் கொறைக்கோணும்னு ஈரோட்டுப் பக்கம் சொல்லுவாங்க. அவங்க என்ன கம்ப்யூட்டரா படிச்சாங்க? ஐயோ வாடுதேன்னு மோட்டாரைப் போட்டுவுடு, கரண்டுதான் சும்மா வருதே. கெழங்கு அழுகினா 'மஞ்சளும் நானும்'னு யூடியூப்புல ஒரு வீடியோவாச்சும் தேறும்.

முருங்கையையும் விட்டுறாத. பனிக்குப் பூ உதுரும், காய் நிக்காது. கடையில கிலோ நூறைத் தாண்டுதேன்னு மூட்டை மூட்டையா உரத்தைக் கொட்டு. மரம் அசையாது. வெயில் காலத்துல அதுவே காய்ச்சுத் தள்ளும், அன்னைக்குப் பறிச்ச கூலிக்குத் தேறாது. ஊருல நையாண்டி பண்றது நான் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன், முருங்கையும் பண்ணுது.

ஆனா, மஞ்சளுக்கு மோட்டாரைப் போடச் சொன்னேனே, அந்தக் கரண்டு சும்மா வந்ததுன்னா நெனச்சே? அதுக்குப் பின்னால எத்தனையோ வருசப் போராட்டம். 1972ல கரண்டுக் கட்டணத்தைக் கொறைங்கன்னு வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு பின்னால விவசாயிங்க தெரண்டாங்க. மாட்டு வண்டிகளை ஓட்டிக்கிட்டுப் போயி கோயமுத்தூரு ரோட்டுல நிறுத்துனாங்க. வண்டி நின்னுச்சு, ஊரே நின்னுபோச்சு. நிக்க வேண்டிய நேரத்துல நிக்கத் தெரிஞ்சவன்தான் பண்ணையக்காரன். அவரு 1984 டிசம்பர் 21ல காலமானாரு, அதுவும் மார்கழி. அந்த ஒரு நாளாச்சும் மம்பட்டியைக் கீழ வை.

வெச்சுட்டு என்ன பண்றதுங்கறயா? பாரு. எந்த மாடு அசை போடாம நிக்குது, கெணத்துத் தண்ணி எத்தனை படி எறங்கியிருக்குது, கிளுவை வேலியில எந்தச் சந்துல பக்கத்துத் தோட்டத்து ஆடு பூருதுன்னு பாரு. வேலை மும்முரத்துல இதெல்லாம் கண்ணுல படாது. இதுக்கு மெசினும் வேண்டாம், மானியமும் வேண்டாம். அதனாலதான் ஒருத்தனும் சொல்லிக் குடுக்கறதில்லை.

அப்படியும் கை துறுதுறுங்குதா? இன்னுங் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. தை பொறந்தா மஞ்ச வெட்ட ஆளு கெடைக்காது, என்ற காட்டுலயும் ஒரு ஏக்கர் கெடக்குது. வந்தீன்னா மூணு வேளையும் சோறு போட்டுர்றேன். கூலிப் பேச்சு மட்டும் எடுத்துறாத, பேரன்கிட்டக் கணக்குப் பார்த்தா ஊரு சிரிக்கும்.