ஆடு நின்ற வாசல்

கே: பழைய சீனாவில் ராஜாவுக்கு மனைவியாக இருந்தால் சுகம்தானே?

ப: பத்தாயிரம் பேரில் ஒருத்தியாக இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கே: பத்தாயிரமா? அளக்கிறீர்!

ப: அளப்பது நானில்லை, ஜின் வம்ச வரலாறு. ராஜா பெயர் ஸிமா யான். 273-ல் அந்தப்புரத்துக்குப் பெண் பார்த்து முடியும்வரை நாட்டில் எவருக்கும் கல்யாணம் கூடாதென்று தடை போட்டவர். 280-ல் வூ நாட்டைப் பிடித்தார்; மறு வருஷம் தோற்ற ராஜாவின் அந்தப்புரத்துப் பெண்கள் ஐயாயிரம் பேர் லுவோயாங்குக்கு வந்தார்கள். இன்றிரவு யார் வீடு? ஆட்டு வண்டியில் ஏறி உட்காருவார். ஆடு நிற்கும் வாசலில் விருந்து, படுக்கை. பெண்கள் சும்மா இருப்பார்களா? கதவில் மூங்கில் இலை செருகி, தரையில் உப்புத் தண்ணீர் தெளித்தார்கள். அந்த அரசாங்கத்தில் சுயமாக முடிவெடுத்த ஒரே அதிகாரி அந்த ஆடுதான். அதுவும் லஞ்சம் வாங்கிவிட்டது!

கே: அவரை எதிர்த்துப் பேசியவள் உண்டா?

ப: தளபதி மகள் ஹூ ஃபாங். தேர்வானதும் ஓவென்று அழுதார். ராஜா காதில் விழுமே என்று மற்றவர்கள் பதற, சாவுக்கே பயப்படாதவள் ராஜாவுக்கா பயப்படுவேன் என்றார். பிறகு அவர்தான் ராஜாவின் செல்லம். ஒருநாள் சூதாட்டத்தில் காய்க்காக அடித்துக்கொண்டதில் ராஜாவின் விரலில் காயம். படைத்தலைவன் பெற்ற பிள்ளைதானே நீ என்று சீறினார். வடக்கே கோங்சுன்னை அடித்து, மேற்கே ஜூகேவைத் தடுத்தவர் வம்சம் மட்டும் என்னவாம் என்றார் அம்மணி. அந்தப் படைத்தலைவர் ராஜாவின் சொந்தத் தாத்தா ஸிமா யீ! ராஜா வெட்கிப்போனார்.

கே: அழகில்லாதவளுக்கு மதிப்பு?

ப: ஸுவோ ஃபென்னுக்கு இருந்தது. நோயாளி, கவிஞர். தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ராஜா அவர் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புவார். பிறந்த வீட்டைப் பிரிந்த துயரத்தையும் உத்தரவு வந்த பிறகே பாட்டாக எழுதினார். ஒப்பாரிக்கும் ஆர்டர்!

கே: ஆண் பிள்ளை பெற்றால் கவலை தீர்ந்ததா?

ப: இதற்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. வடக்கு வேய் வம்சத்தில் மகன் பட்டத்து இளவரசனானால் தாயைக் கொன்றார்கள். அவளும் அவள் வீட்டாரும் அதிகாரத்தைப் பிடித்துவிடுவார்களாம். 409-ல் லியூ என்ற பெண் இப்படிச் செத்தார். மகன் அழுததற்கே தகப்பன் கோபப்பட்டார். பெண்கள், மகள் போதும், பட்டம் ஏறும் மகன் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்கள். பலன்? அதே வம்சத்தில் பின்னால் வந்த, தாயற்ற துவோபா தாவோ அரியணை ஏறி, வளர்த்த தாதியை ராஜமாதா ஆக்கினார். பிள்ளை ஒரு தாயைத் தேடத்தான் செய்யும். அதை எந்தச் சட்டமும் கொல்ல முடியாது.

கே: ஸிமா யானுக்கு வாரிசாவது உருப்படியா?

ப: பஞ்சத்தில் சோறில்லை என்றபோது, மாமிசக் கஞ்சி குடிக்கலாமே என்று கேட்டவர். அவர் பெயரில் ஆண்டது மனைவி ஜியா நான்ஃபெங். அந்தம்மா கதைக்குத் தனி இதழே வேண்டும். ஆசிரியர் எனக்கு வெறும் கஞ்சிகூடத் தருவதில்லை.